உழவு இயந்திரத்தின் வலுச் சுக்கான்: கோளாறு அறிதலும் திருத்தலும்

நாற்சில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப்பற்றி ஓரளவு அறிந்தவராகவே இருப்பர். எஞ்சின் எண்ணெயை எப்பொழுது மாற்றுவது, டீசல் வடியை எவ்வாறு கழற்றுவது, காற்று வடியில் எவ்வளவு தூசி சேர்ந்துள்ளது என்பனவெல்லாம் அவருக்குப் பழகிய விடயங்கள். முன்சில்லுகளைத் திருப்ப உதவும் வலுச் சுக்கானோ, அதாவது சாரதிமார் ‘பவர் ஸ்ரியறிங்’ என்று கூறும் அமைப்போ, பழுதடைந்து நிற்கும் நாள்வரை எவருடைய கவனத்தையும் பெறுவதில்லை. அது இலகுவாக இயங்குவதே அதற்குக் காரணம். ஒரு விரலால் திருப்பக்கூடிய வளையம் ஒருநாட் காலையில் இரு கைகளுக்கும் அசையாது போனபின்னரே அதனைப்பற்றிய கேள்வி எழுகின்றது.

அக்கேள்வி எழும் நேரமும் பொதுவாகத் தகாத நேரமாகவே அமைந்துவிடும். காலபோகத்தின் முதல் மழை விழுந்து மண் பதமானதும், அல்லது சிறுபோகத்துக்குக் குளத்தின் துரிசு திறக்கப்பட்டதும், ஓர் இயந்திரம் பத்துப் பன்னிரண்டு பேருடைய வயல்களுக்கு அடுத்தடுத்து ஓடவேண்டியிருக்கும். அவ்வேளையில் மூன்று நாட்கள் கராஜில் நிற்கும் இயந்திரம் உரிமையாளரின் உழவுக்கூலியை மாத்திரமன்றி, அதனை நம்பியிருந்த அயல் வயல்களின் விதைப்பையும் பின்தள்ளிவிடும். இதனிலும் பெரியது உயிருக்கு நேரும் ஆபத்து. ஒடுங்கிய வாய்க்கால் அணையில் நெல்மூடை ஏற்றிய பெட்டியை இழுத்துச் செல்லும்போது சுக்கான் சொற்கேளாது போனால் இயந்திரம் வாய்க்காலுக்குட் புரளும். பாதுகாப்புச் சட்டகம் பொருத்தப்படாத இயந்திரம் புரளுமிடத்து, சாரதி அதன் கீழ் அகப்படாமல் தப்புவது அரிது. ஆதலால், இவ்வமைப்பு எவ்வாறு வேலை செய்கின்றது என்பதையும், அது பழுதடையுமுன் காட்டும் குறிகள் யாவை என்பதையும் அறிந்திருத்தல் ஒவ்வோர் இயந்திர உரிமையாளருக்கும் சாரதிக்கும் இன்றியமையாதது.

அமைப்பும் தொழிற்பாடும்

எண்ணெயின் அமுக்கத்தைக் கொண்டு சுக்கானைத் திருப்பும் அமைப்பொன்றை பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1926ஆம் ஆண்டில் மோட்டார் வாகனமொன்றிற் பொருத்தி ஓட்டிக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது கனமான இராணுவ வாகனங்களில் அது பயன்பட்டது. பொதுமக்களுக்கென விற்கப்பட்ட காரில் அது முதன்முதலில் இடம்பெற்றது 1951ஆம் ஆண்டில், கிறைஸ்லர் இம்பீரியல் என்னும் காரிலாகும். 1960களில் உழவு இயந்திரங்களிலும் அது பரவலாயிற்று. 1964ஆம் ஆண்டில் வெளிவந்த மசி பேர்கசன் 135 இயந்திரம் சாதாரண சுக்கானுடனும் வலுச் சுக்கானுடனும் விற்கப்பட்டமையால், ஒரே பெயருடைய இரு இயந்திரங்களில் ஒன்றில் இவ்வமைப்பு இருக்க மற்றொன்றில் இல்லாதிருத்தல் கூடும். லான்ட்மாஸ்ரர் என்று கிராமங்களில் அழைக்கப்படும் இருசில்லு இயந்திரங்கள் கைபிடியாலும் கிளச்சுகளாலும் திருப்பப்படுவன. அவை இவ்விடயத்துட் சேரா. இக்காலத்துக் கார்களிலும் சிறு வான்களிலும் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரே சுக்கானுக்கு வலு தருவது பெருவழக்காகிவிட்டது. அவற்றைச் சோதிக்கும் முறையும் வேறு.

உழவு இயந்திரத்து வலுச் சுக்கானில் எஞ்சினால் இயக்கப்படும் ஒரு பம்பி, எண்ணெய்த் தாங்கி, வடி, சுக்கான் தண்டின் அடியிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, முன்னச்சிற் பொருத்தப்பட்ட உருளை, இவற்றை இணைக்கும் குழாய்கள் என்பன உள்ளன. சில இயந்திரங்களில் இதற்கெனத் தனித் தாங்கி உண்டு. வேறு சிலவற்றிற் பின்புறத் தூக்கிக்குப் பயன்படும் எண்ணெயே சுக்கானுக்கும் செல்கின்றது. சாரதி வளையத்தைத் திருப்பும்போது கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள வால்வு திறந்து, பம்பி அனுப்பும் எண்ணெயை உருளையின் ஒரு பக்கத்துக்குச் செலுத்துகின்றது. எண்ணெய் உருளையினுள்ளிருக்கும் முசலத்தைத் தள்ள, முசலத்தண்டு சில்லுகளைத் திருப்புகின்றது. மறுபக்கத்து எண்ணெய் தாங்கிக்குத் திரும்புகின்றது. சில்லுகள் கடைசிவரை திரும்பி முட்டியபின் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாமையால் அமுக்கம் ஏறும். அதனை ஓர் எல்லையில் நிறுத்துவதற்கு அமுக்கம் தணிக்கும் வால்வு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. இவ்வெல்லை இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். அமுக்கம் 100 பார் எனக் கொண்டால், அது சதுர அங்குலமொன்றுக்கு ஏறக்குறைய 1,450 இறாத்தலாகும். இவ்வளவு அமுக்கம் விரற்றடிப்பான ஓர் இறப்பர்க் குழாயினுள் இருக்கின்றதென்பதை மறத்தல் ஆகாது.

இங்கு ஒரு வேறுபாடு முக்கியமானது. பழைய இயந்திரங்கள் சிலவற்றில் சுக்கான் வளையத்துக்கும் சில்லுகளுக்கும் இடையே இரும்புத் தண்டுகளாலான தொடர்பு உண்டு. எண்ணெய் அதற்குத் துணை மாத்திரமே. அவற்றில் எண்ணெய் முழுவதும் ஒழுகிப்போனாலும் வளையத்தைப் பலமாகத் திருப்பிச் சில்லைத் திருப்பலாம். புதிய இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றில் அத்தகைய தண்டு எதுவும் இல்லை. சாரதியின் கையையும் முன்சில்லையும் இணைப்பது எண்ணெய் ஒன்றே. பம்பி மாத்திரம் நின்றுவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டியே ஒரு கைப்பம்பிபோல் வேலை செய்யும். வளையம் மிகக் கடினமாயினும் சில்லு திரும்பும். ஆனால் உருளைக்குச் செல்லும் குழாய் வெடித்துவிட்டால் வளையம் வெறுமனே சுழலும்; சில்லு அசையாது. அவ்வேளையிற் சாரதிக்கு எஞ்சியிருப்பது பிறேக் ஒன்றே. தெருவில் ஓடும்போது இடது வலது பிறேக் மிதிகளை ஒன்றாகக் கொளுவி வைக்கவேண்டும் என்று கூறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். தன்னுடைய இயந்திரம் இவ்விரு வகையில் எவ்வகையைச் சேர்ந்தது என்பது தெரியாத சாரதி, அதனை இன்றே கேட்டறிதல் வேண்டும்.

கராஜுக்குப் போகுமுன்

சுக்கான் கடினமாகிவிட்டது என்றதும் பம்பி பழுது என்று முடிவு செய்வது பரவலான வழக்கம். பம்பியே இவ்வமைப்பில் விலைகூடிய உறுப்புகளுள் ஒன்றாதலால் இம்முடிவுக்கு அவசரப்படுதல் நன்றன்று. இரைச்சல் கேட்கின்றதென்று பம்பியை மாற்றியபின்பும் அதே இரைச்சல் நீடிக்க, ஈற்றில் தாங்கியிலிருந்து பம்பிக்கு வரும் உறிஞ்சு குழாயின் வளையப் பூட்டுத் தளர்ந்திருந்தமையே காரணமெனக் காணப்பட்ட நிகழ்ச்சிகள் புதியனவல்ல. திருகாணியை அரைச் சுற்று இறுக்கியிருந்தால் தீர்ந்திருக்கும் குறைக்காக ஒரு போக உழவுக்கூலியின் பெரும்பகுதி செலவாகிவிடும்.

எனவே முதலில் எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, பின்கலப்பையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தியபின் தாங்கியின் மூடியைச் சுற்றிலும் சீலையாற் துடைத்துவிட்டே திறக்கவேண்டும். எண்ணெய் மட்டம் குறைந்திருந்தால் அது எங்கோ ஒழுகுகின்றது என்பது பொருள். எண்ணெய் தானாகக் குறைவதில்லை. எண்ணெயின் நிறமும் பல செய்திகளைக் கூறும். மேலே நுரை படிந்திருந்தாற் காற்றுப் புகுகின்றது. பால்கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. சேற்றுழவு செய்யும் இயந்திரங்களிலும், வெள்ளத்தில் நின்ற இயந்திரங்களிலும் இது காணப்படும். கருகிய மணம் வீசினால் எண்ணெய் அளவுமீறிச் சூடாகியுள்ளது. நீர் கலந்த எண்ணெயையும் கருகிய எண்ணெயையும் முற்றாக வடித்து, வடியையும் மாற்றிவிட்டுப் புதிய எண்ணெய் இடுதல் வேண்டும். மேலே புதிது ஊற்றிச் சமாளித்தல் பயனற்றது. எந்த எண்ணெய் இடுவது என்பதை இயந்திரத்தின் கைந்நூலே தீர்மானிக்கும். சில இயந்திரங்கள் எஞ்சின் எண்ணெயையும், சில கியர்ப்பெட்டி எண்ணெயையும், சில தனிவகை எண்ணெயையும் வேண்டுவன. பிறேக் எண்ணெயை மாத்திரம் எக்காரணங் கொண்டும் இதில் ஊற்றலாகாது. அது இங்குள்ள இறப்பர் அடைப்பு வளையங்களை ஊதி மென்மையாக்கிச் சில நாட்களில் முழு அமைப்பையும் கெடுத்துவிடும்.

அடுத்துப் பார்க்கவேண்டியவை எண்ணெயோடு தொடர்பற்றவை. முன்ரயர்களிற் காற்றுக் குறைந்திருந்தால் வலுச் சுக்கான் நல்ல நிலையில் இருந்தும் கடினமாகத் தோன்றும். பம்பி பட்டியால் இயக்கப்படும் இயந்திரங்களிற் பட்டி தளர்ந்தோ எண்ணெய்பட்டு வழுக்கியோ போனால், சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் ‘கீச்’ என்ற ஒலி எழும். பற்சில்லால் இயங்கும் பம்பிகளில் இத்தொல்லை இல்லை. நாற்சில்லுக்கும் வலு செல்லும் இயந்திரத்தில், வயலில் இட்ட முன்சில்லு இணைப்பை விடுவிக்காமலே தார்வீதியில் ஓட்டும் சாரதிமார் பலர். அதனாற் சுக்கான் இறுகுவதோடு ரயரும் பற்சில்லும் தேய்ந்துபோகும். இணைப்பை விடுவித்தால் அக்‘கோளாறு’ அப்பொழுதே மறைந்துவிடும்.

இதற்கு நேரெதிரான குறையொன்றும் உண்டு. வளையம் மிக இலகுவாகச் சுழலும், முன்சில்லுகளும் திரும்பும். ஆயினும் இயந்திரம் நேரே போய்க்கொண்டிருக்கும். இது வலுச் சுக்கானின் குற்றமன்று. பின்னே கனமான கலப்பை தூக்கப்பட்டிருப்பதால் முன்னச்சின் பாரம் குறைந்து, சில்லுகள் நிலத்தைப் பற்றாமல் வழுக்குகின்றன. இயந்திரத்தின் மொத்த எடையிற் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது எப்பொழுதும் முன்னச்சில் நிற்றல் வேண்டும் என்பது பொது விதி. 2,000 கிலோகிராம் எடையுள்ள இயந்திரமாயின், கலப்பை தூக்கிய நிலையில் முன்னச்சில் 400 கிலோகிராமேனும் இருத்தல் வேண்டும். குறைந்தால் முன்பாரங்களைப் பூட்டவேண்டும். முன்பாரங்களைக் கழற்றி வீட்டு மூலையில் அடுக்கிவிட்டுச் சுழற்கலப்பையுடன் அணையில் ஏறுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

குறிகளைக் கொண்டு இடத்தை அறிதல்

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் சுக்கான் கடினமாயிருப்பின், குறை எண்ணெய் அமைப்பிலா அன்றி முன்னச்சின் மூட்டுகளிலா என்பதை வேறுபடுத்திக் காணவேண்டும். இதற்கு எளிய சோதனையொன்று உண்டு. உறுதியான தரையிற் பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, முன்னச்சை ஜக்கினால் உயர்த்தி, அச்சின் இரு பக்கமும் உறுதியான தாங்கிகளை நிறுத்தவேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பி எவரும் கீழே கையையோ காலையோ நுழைத்தலாகாது. பின்னர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வளையத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். சில்லு அந்தரத்தில் நிற்கும்போது இலகுவாகவும் நிலத்தில் நிற்கும்போது கடினமாகவும் இருந்தால், எண்ணெயின் அமுக்கம் போதாது என்று கருதலாம். அந்தரத்திலும் கடினமாயிருந்தால், எஞ்சினை நிறுத்தி, முசலத்தண்டைச் சுக்கான் கையிலிருந்து கழற்றிவிட்டுச் சில்லுகளைக் கையாற் தள்ளிப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் இறுக்கமாயிருப்பின் குறை கிங்பின்னிலோ குண்டு மூட்டுகளிலோ உள்ளது. சேற்றிலும் நீரிலும் உழலும் முன்னச்சின் கிறீஸ் விரைவிற் கழுவப்பட்டுப் போவதால் இந்நாட்டு வயல்களில் இக்குறை அடிக்கடி ஏற்படும். சில்லு உயர்த்தப்பட்டிருக்கும்போதே கிறீஸ் அடித்தால், பாரம் இல்லாத இடைவெளியினுள் அது நன்கு பரவும். கழற்றியபின் சில்லு இலகுவாக அசைந்தால், குறை உருளையிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ சுக்கான் தண்டிலோ இருத்தல் வேண்டும்.

அமுக்கம் போதாது என்று கண்டவிடத்து, எஞ்சின் வேகத்தோடு அது எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கவனிக்கவேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கடினமாகவும் வேகம் கூடியதும் இலகுவாகவும் ஆனால், பம்பி தேய்ந்துள்ளது என்று ஐயுறலாம். காலையில் எஞ்சின் குளிராயிருக்கையில் நன்றாயிருந்து, நண்பகலில் எண்ணெய் சூடேறியதும் கடினமாவதும் தேய்வின் அடையாளமே. சூடான எண்ணெய் நீர்த்துப்போவதால், தேய்ந்த இடைவெளிகளினூடாக எளிதிற் திரும்பி ஓடிவிடுகின்றது. எல்லா வேகத்திலும் ஒரே அளவிற் கடினமாயிருந்தால், அமுக்கம் தணிக்கும் வால்வின் இருக்கையில் மண்துகளோ உலோகத்துகளோ சிக்கி அது மூடாதிருக்கலாம். இது பம்பியிலும் மிகக் குறைந்த செலவிற் தீரும் குறையாதலால், பம்பியைக் கழற்றுமுன் இவ்வால்வைச் சோதித்தல் அறிவுடைமை. ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருப்பின் பம்பியைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை; பம்பி இரு பக்கத்துக்கும் பொதுவானது. அங்கே பார்க்கவேண்டியவை உருளையும், ஓரிடத்தில் நசிந்த குழாயும், கட்டுப்பாட்டுப் பெட்டியின் வால்வுமாகும்.

ஒழுக்கு வெளியே தெரியாமல் உள்ளேயே நடைபெறுதலும் உண்டு. இதனை அறிய வளையச் சுற்றுகளை எண்ணும் முறை மிகவும் பயனுள்ளது. இக்காலக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிற் பொதுவாக 7 பற்களுள்ள வெளிவளையத்தினுள் 6 பற்களுள்ள சில்லொன்று சுழன்று, வளையத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த அளவு எண்ணெயை அளந்து அனுப்புகின்றது. உதாரணமாக, ஒரு சுற்றுக்கு 100 கன சென்ரிமீற்றர் எண்ணெய் அளக்கப்படுவதாகவும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்ப உருளைக்கு 400 கன சென்ரிமீற்றர் வேண்டுமெனவும் கொள்வோம். அப்பொழுது நான்கு சுற்றில் திருப்பம் முடியவேண்டும். அதே இயந்திரத்துக்கு இப்பொழுது ஐந்தரைச் சுற்றுத் தேவைப்பட்டால், மிகுதி எண்ணெய் எங்கோ உள்ளே நழுவிச் செல்கின்றது. சில்லு முட்டியபின்பும் வளையம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போவதும் இதன் அறிகுறி. சிறிதளவு நகர்வு புதிய இயந்திரத்திலும் இருக்கும். ஆதலால், இயந்திரம் நன்னிலையில் இருக்கும் நாளிலேயே சுற்றுகளை எண்ணிக் குறித்து வைத்தாலன்றிப் பின்னர் ஒப்பிட வழியில்லை. ஒரு பக்கத்தில் மாத்திரம் தண்டுள்ள உருளையாயின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சுற்றுக்கள் சமமாயிரா, அது கோளாறன்று.

உள்ளொழுக்கு உருளையின் அடைப்பு வளையத்திலா, கட்டுப்பாட்டுப் பெட்டியிலா என்பதைத் திருத்துநர் இவ்வாறு பிரித்தறிவார். சில்லை இடப்பக்கம் முட்டும்வரை திருப்பி, எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் திரும்பிச் செல்லும் பக்கத்துக் குழாயை உருளையிலிருந்து கழற்றி, குழாயின் வாயை மரையுள்ள இரும்பு அடைப்பானால் இறுக மூடுவார். பின்னர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேலும் இடப்பக்கமே திருப்புவார். உருளையின் திறந்த வாயிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வருமாயின் முசலத்தின் அடைப்பு வளையம் கெட்டுவிட்டது. வராவிடின் குறை கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ளது. பழக்கமில்லாதவர் இச்சோதனையைத் தாமாகச் செய்தலாகாது. செய்யுமிடத்தும் திறந்த வாய்க்கு நேரே எவரும் நிற்றல் கூடாது.

ஒலிகளும் வழிகாட்டும். வளையத்தைக் கடைசிவரை திருப்பியதும் எழும் ‘ஸ்ஸ்’ என்ற சீறல், வால்வு திறப்பதனால் உண்டாவது. அது நல்ல நிலையின் அடையாளம். ஆயினும் அந்நிலையில் ஐந்து விநாடிக்குமேல் வளையத்தை அழுத்திப் பிடித்தால் எண்ணெய் கொதிப்பேறும். திருப்பம் முட்டியதும் சற்றே தளர்த்திவிடச் சாரதி பழகவேண்டும். பம்பியிலிருந்து தொடர்ந்து முனகலோ ஊளையோ கேட்டால் அது எண்ணெய்ப் பஞ்சத்தின் ஒலியாகும். மட்டம் குறைவு, வடி அடைப்பு, உறிஞ்சு குழாயினூடாகக் காற்றுப் புகுதல் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம். உறிஞ்சு குழாயில் அமுக்கம் இல்லாமையால் அதிலுள்ள வெடிப்பு எண்ணெயை வெளியே கசியவிடாது காற்றை மாத்திரம் உள்ளே இழுக்கும். ஆகையால் வெளியே ஈரமில்லை என்பதைக் கொண்டு அதனை நல்லதென்று தீர்மானித்தல் தவறு. குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தால் முதுமையின் வெடிப்புகள் தெரியவரும்.

இயந்திரம் தெருவில் இருபுறமும் அலைந்தால், குண்டு மூட்டுகளின் ஆட்டத்தையும் முன்சில்லுகளின் முன்னொடுக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒருவர் வளையத்தைச் சிறிது இருபுறமும் அசைக்க, மற்றொருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று ஒவ்வொரு மூட்டையும் நோக்கினால், எந்த மூட்டு அசைவை விழுங்குகின்றது என்பது கண்ணுக்கே புலப்படும். முன்னொடுக்கத்தை, இரு ரயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அச்சின் உயரத்தில் முன்னும் பின்னும் அளந்து, கைந்நூலிற் கூறிய வேறுபாட்டுக்கு இணைப்புத் தண்டைத் திருத்துதல் வேண்டும்.

கையை எடுத்தபின்பும் வளையம் தானாகவே சுழன்றுகொண்டிருக்குமாயின் எஞ்சினை உடனே நிறுத்தவேண்டும். சுக்கான் தண்டு இறுகி வால்வு நடுநிலைக்குத் திரும்பாமையாலோ, கட்டுப்பாட்டுப் பெட்டி கழற்றப்பட்டுப் பிழையாகப் பூட்டப்பட்டமையாலோ இது நிகழும். இடப்பக்கம் திருப்பச் சில்லு வலப்பக்கம் திரும்புவது குழாய்கள் மாறிப் பூட்டப்பட்டதன் விளைவு. கராஜிலிருந்து வரும் இயந்திரத்தை வீதியில் ஏற்றுமுன் வெறுந்தரையில் ஒருமுறை இருபுறமும் திருப்பிப் பார்த்தல் இக்காரணத்தாலேயே அவசியமாகின்றது.

காற்றை வெளியேற்றல்

எந்தக் குழாயைக் கழற்றிப் பூட்டினாலும், எண்ணெய் மாற்றினாலும், உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றுதல் வேண்டும். காற்று நெகிழும் தன்மையுடையதாதலால், வளையம் பஞ்சுபோல் மென்மையாகவும் சில்லு தயங்கித் திரும்புவதாகவும் இருக்கும். தாங்கியை நிரப்பி, முன்சில்லுகளை முன்கூறியவாறு உயர்த்தி, எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டு, வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஆறுதலாகப் பலமுறை திருப்பவேண்டும். கோடியில் அழுத்திப் பிடித்தலாகாது. இடையிடையே தாங்கியைப் பார்த்து எண்ணெய் சேர்க்கவேண்டும். குமிழ் வருவது நிற்கும்வரை இதனைத் தொடர்ந்து, பின்னர் எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து மட்டத்தை மீண்டும் பார்க்கவேண்டும். சில இயந்திரங்களுக்குக் கைந்நூலில் வேறு முறை கூறப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக.

ஊசித்துளை ஒழுக்கின் ஆபத்து

எண்ணெய் ஒழுகும் இடத்தைக் கையால் தடவித் தேடுவது சாரதிமாரிடத்துக் காணப்படும் மிகக் கொடிய பழக்கம். அமுக்கத்திலுள்ள குழாயின் ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாயினும் தோலைத் துளைத்து உள்ளே செல்லவல்லது. காயம் முள் குத்தியதுபோற் சிறிதாகவே தோன்றும். முதலில் நோவும் இராது. சில மணித்தியாலங்களிற் கை வீங்கி, உள்ளே தசை அழுகத் தொடங்கும். காலந்தாழ்த்தினால் விரலையோ கையையோ வெட்டி நீக்க நேரும். ஆகவே ஒழுக்கைத் தேடுமிடத்து ஒரு காகித மட்டையைத் தூரத்திலிருந்து குழாயருகே நீட்டிப் பார்க்கவேண்டும். மட்டை நனைந்தால் இடம் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி அணிதல் நன்று. அத்தகைய காயம் ஏற்பட்டவரை நோ இல்லாவிடினும் அப்பொழுதே சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, அமுக்கத்திலிருந்த எண்ணெய் தோலுக்குள் புகுந்தது என்பதை வைத்தியருக்குத் தெளிவாகக் கூறவேண்டும். வெறும் குத்துக்காயமென்று கருதி மருந்து கட்டி அனுப்பப்படாதிருக்க அச்சொல் உதவும்.

இணைப்பெதையும் தளர்த்துமுன் எஞ்சினை நிறுத்தி, வளையத்தை இருபுறமும் சிலமுறை திருப்பி அமுக்கத்தைத் தணிக்கவேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒழுகும் நட்டை இறுக்க முயலுதல் கூடாது.

கராஜுக்கு உரியவை

கட்டுப்பாட்டுப் பெட்டியின் உள்ளுறுப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பிலும் மிகக் குறைந்தது. அதனை வீட்டு முற்றத்திற் திறந்து மண்ணெண்ணெயிற் கழுவி, பழைய சீலையாற் துடைத்துப் பூட்டினால், சீலையின் நூலொன்றே வால்வைச் சிக்கவைக்கப் போதுமானது. பம்பியையும் பெட்டியையும் தூய்மையான மேசையும் உரிய அடைப்பு வளையங்களும் உள்ள இடத்திலேயே திறக்கவேண்டும். அவற்றைத் திறக்குமுன் அமுக்கமானியைப் பூட்டி அளந்து, கைந்நூலின் அளவோடு ஒப்பிட்டுக் காட்டுமாறு உரிமையாளர் கேட்டல் முறையானது. அளக்காமலே உறுப்பை மாற்றச் சொல்பவரிடம் சற்று நிதானமாக இருத்தல் நன்று.

சுக்கானை இலகுவாக்குவதற்கென அமுக்கம் தணிக்கும் வால்வின் திருகாணியை முறுக்கிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது தேய்ந்த பம்பியைச் சிலநாள் மறைத்துவைக்குமேயன்றித் திருத்தாது. குழாய்கள் தாங்கும் எல்லையை மீறிய அமுக்கம், தெருவில் ஒரு குழியில் விழுந்தெழும் கணத்தில் குழாயை வெடிக்கச் செய்யும். வெடித்த குழாய்க்குப் பதிலாக நீர்க்குழாயையோ தாழ்ந்த அமுக்கத்துக்குரிய குழாயையோ வளையப் பூட்டால் இறுக்கி ஓடுதலும் இவ்வாறே ஆபத்தானது.

சேற்றுழவின் பின்னர்

சேறு காயுமுன் முன்னச்சையும் உருளையையும் கழுவுதல் வேண்டும். முசலத்தண்டின் பளபளப்பான மேற்பரப்பிற் காய்ந்த மண், அடுத்த திருப்பத்தில் அடைப்பு வளையத்தை அரம்போல் அராவும். காய்ந்துவிட்டால் நனைத்து ஊறவைத்துச் சீலையாற் துடைக்கவேண்டும். கத்தியாற் சுரண்டுதலோ தட்டுதலோ கூடாது. தண்டில் ஒரு கீறல் விழுந்தபின் எத்தனை புதிய வளையம் இட்டாலும் ஒழுக்கு நில்லாது. கழுவும்போது தாங்கியின் மூடிமேல் வேகமான நீரைப் பீய்ச்சலாகாது. மூடியிலுள்ள காற்றுத் துளையினூடாக நீர் உட்செல்லும். கழுவியபின் கிங்பின்களுக்கும் மூட்டுகளுக்கும் அழுக்கு நீரும் பழைய கிறீஸும் வெளியே வரும்வரை புதிய கிறீஸ் அடிக்கவேண்டும்.

அறுவடை முடிந்து இயந்திரம் கொட்டிலில் நிற்கும் மாதங்களில் குழாய்களை ஒருமுறை முழுநீளமும் பார்ப்பதற்கு அவகாசம் உண்டு. இரும்புச் சட்டகத்தில் உரசித் தோலுரிந்த இடம், உள்ளேயிருக்கும் கம்பிப் பின்னல் வெளித்தெரியும் இடம், கொப்புளம்போல் வீங்கிய இடம் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் அக்குழாயை மாற்றிவிடுதல் வேண்டும். பழைய குழாயைக் கையிற் கொண்டுசென்று, நீளமும் மரையும் மாத்திரமன்றி அதன்மேல் அச்சிடப்பட்டுள்ள அமுக்க அளவையும் ஒப்பிட்டு வாங்குக.